மன்னார்க் களப்பில் பூநாரைகள்

திருக்கேதீச்சரத்தை வணங்கி வீடு திரும்பும் அன்பர்களே, அடுத்தமுறை மன்னார்ப் பாலம் வரை சென்று பாருங்கள். தை, மாசி மாதங்களில் அங்குள்ள ஆழமற்ற களப்பில் பூநாரைகள் ஆயிரக்கணக்கிற் கூடியிருக்கும். தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகினால் சேற்றுநீரை வடித்து, சிற்றுயிர்களை அவை உண்ணும் அழகே அழகு! கடையில்லை, கூச்சலில்லை, ஊர்க்கழுதைகள் மாத்திரம் நம்மை வேடிக்கை பார்க்கும்.

அருகிலுள்ள வங்காலை 2008இல் சரணாலயமாகவும், 2010இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பெற்றது. ஆனால், 2020இல் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் எழுந்தன. மின்சாரம் வேண்டியதே, எனினும், மத்திய ஆசியாவிலிருந்து வரும் பறவைகளின் வான்வழியும் இதுவன்றோ? மேலும் காற்றாலைகள் வேண்டாவென 2025இல் மன்னார் மக்கள் வீதியில் இறங்கினர்.

செல்வோர் தொலைநோக்காடி ஒன்றை எடுத்துச் செல்க. கரையில் நின்றே காண்க. சேற்றில் இறங்கினால் பறவைகள் எழுந்து பறந்துவிடும்.