கரண்ட் போனால் தண்ணீரும் போச்சு!

சோழவரம் ஏரியின் கொள்ளளவு 1,081 மில்லியன் கன அடி. கிழக்கே அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம், வல்லூரில் 1,500 மெகாவாட்டில் இன்னொன்று, பக்கத்திலேயே அலமாதியில் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையம். ஊரைச் சுற்றித் தண்ணீரும் மின்சாரமும்தான். ஆனால், டிசம்பரில் ஒரு புயல் எட்டிப் பார்த்தால் முதலில் கரண்ட் போகிறது. மோட்டார் ஓடாததால், மாடித் தொட்டி வற்றியதும் குழாயும் நின்றுவிடுகிறது. ஏரித் தண்ணீர் புழல் வழியாகச் சென்னைக்குப் போகிறது. ஏரிக்கரை வீட்டுக்காரரோ குடத்தோடு அடிபம்பைத் தேடுகிறார்.

புயல் எச்சரிக்கை வந்ததும் மெழுகுவத்தி வாங்க ஓடுகிறோம். இருட்டில் மூன்று நாள் இருந்துவிடலாம். தண்ணீர் இல்லாமல், அதுவும் கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லாமல், அரை நாள் தாங்காது.

எல்லாப் புயலும் ஒரே மாதிரி வருவதில்லை என்பதை இந்த வட்டாரம் இரண்டு முறை பட்டுத் தெரிந்துகொண்டது. 2016 டிசம்பர் 12 அன்று கரையைக் கடந்த வர்தா, காற்றுப் புயல். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசிய காற்றில் மரங்கள் கம்பிகளின் மேல் சாய்ந்தன. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் விழுந்தன. நகரத்தில் விளக்கு எரிந்த பிறகும் கிராமங்கள் நாள்கணக்கில் காத்துக் கிடந்தன. லைன்மேனைக் கண்டால் ஜனங்கள் சூழ்ந்துகொள்வார்கள். “எப்பண்ணே கரண்ட் வரும்?” “போஸ்ட் வரட்டும்க்கா, நட்டாத்தானே லைன் இழுக்க முடியும்!”

அப்போது 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் பணமில்லை, ஏடிஎம்மிலும் இல்லை, கார்டு தேய்க்கக் கரண்டும் சிக்னலும் இல்லை. இன்று டீக்கடையில்கூட போனை நீட்டுகிறோம். டவரின் பேட்டரி தீர்ந்து போனால் அதே கதிதான். ஆகவே பத்து, இருபது, நூறு ரூபாய்த் தாள்களாக இரண்டாயிரம் ரூபாயாவது அலமாரியில் இருக்கட்டும்.

2023 டிசம்பர் தொடக்கத்தில் வந்த மிக்ஜாம் தண்ணீர்ப் புயல். கரையைக் கடந்தது என்னவோ ஆந்திராவின் பாபட்லா அருகே. அதற்கு முன் சென்னைக் கரையோரம் மெல்ல நகர்ந்தபடி கொட்டித் தீர்த்தது. இந்த முறை பல இடங்களில் கம்பம் விழவில்லை. தெருவில் தண்ணீர் ஏறியதால், உயிர்ச்சேதம் கூடாது என்று மின்வாரியமே இணைப்பைத் துண்டித்தது. தண்ணீர் வடிந்தால்தான் கரண்ட். பால் பாக்கெட்டுக்கு அடித்துக்கொண்ட நாட்கள் அவை. வீட்டில் அரைக் கிலோ பால் பவுடர் வைத்திருந்தவர்கள் நிம்மதியாகக் காபி குடித்தார்கள்.

மிக்ஜாம் கற்றுக்கொடுத்த ஒரு பாடம் இன்வெர்ட்டர் பற்றியது. நம் வீடுகளில் அது மாடிப்படிக்குக் கீழே, தரையோடு தரையாக இருக்கும். வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது அதுதான். சுவரில் ஆங்கிள் அடித்து, இடுப்பு உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். மோட்டார் ஸ்டார்ட்டரையும் அப்படியே.

இன்வெர்ட்டர் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கடைக்காரரைக் கேட்க வேண்டாம், நாமே கணக்குப் போடலாம். 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரி என்றால் 1,800 வாட்-மணி; இழப்பு போக 1,300 என்று வையுங்கள். பழைய மின்விசிறி ஒன்று 75 வாட் இழுக்கும். இரண்டு ஃபேன், நான்கு எல்இடி பல்பு ஓடினால் ஏழு மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். 30 வாட் பிஎல்டிசி ஃபேன் என்றால் பதின்மூன்று மணி நேரம் வரும். அதுவும் பேட்டரி புதிதாக இருந்தால். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியே ஒரு வருஷம் ஆன பேட்டரியிடம் இதை எதிர்பார்க்கக் கூடாது.

தண்ணீருக்கு வருவோம். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு, சிக்கனமாகப் புழங்கினாலும், மூன்று நாளைக்கு 200 லிட்டர் வேண்டும். நீல டிரம் ஒன்று போதும். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய டிரம் வாங்கினால், அதில் முன்பு என்ன கெமிக்கல் வந்தது என்று யாருக்கும் தெரியாது. எத்தனை முறை கழுவினாலும் குடிக்க, சமைக்க அது ஆகாது. மழை தொடங்கும் முன் மாடித் தொட்டியை நிரப்பி, மூடியைக் கம்பியால் கட்டிவிடுங்கள். வர்தாவில் மூடிகள் பறந்தன, சின்டெக்ஸ் தொட்டிகளே உருண்டன.

இட்லி மாவு அதிகமாக அரைத்து வைக்க வேண்டாம். ஃபிரிட்ஜ் ஓடாவிட்டால் மறுநாளே பொங்கி வழியும். அவல், ரவை, பொட்டுக்கடலை போதும். இன்சுலின் போடுகிறவர்கள் பதற வேண்டாம். பெரும்பாலான வகைகள், திறந்த பிறகும் ஏறக்குறைய நான்கு வாரம் 30 டிகிரிக்குக் குறைவான வெப்பத்தில் தாங்கும். டிசம்பரில் ஈரத்துணி சுற்றிய மண்பானை போதுமானது. உங்கள் மருந்து எவ்வளவு வெப்பத்தில் எத்தனை நாள் தாங்கும் என்று மருந்துக்கடையில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெனரேட்டர் வாடகைக்கு எடுப்பவர்களிடம்தான் எனக்குப் பயம். மழை படக்கூடாது என்று அதை வராந்தாவிலோ படிக்கட்டின் கீழோ வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். 2013 டிசம்பரில் கனடாவின் டொராண்டோவில், நம் தமிழர்கள் நிறைந்த ஸ்கார்பரோ உட்பட, உறைமழை பெய்து மின்கம்பிகள் பனிக்கட்டி படிந்து அறுந்தன. நகரத்தில் மட்டும் மூன்று லட்சம் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. குளிர் தாங்காமல் வீட்டுக்குள் கரி அடுப்பு மூட்டியவர்களும், கராஜில் ஜெனரேட்டர் ஓட்டியவர்களும் இந்த வாயுவிடம்தான் சிக்கினார்கள். நமக்குப் பனி இல்லை. மூடிய கதவு இருக்கிறது.

இன்னொரு அநியாயமும் நடக்கிறது. சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல், ஜெனரேட்டர் வயரை வீட்டு பிளக் பாயிண்டிலேயே சொருகிவிடுகிறார்கள். அந்த மின்சாரம் மீட்டர் வழியாக வெளியே கம்பிக்குப் போய், டிரான்ஸ்ஃபார்மரில் உயர் அழுத்தமாக மாறுகிறது. லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் லைன்மேனின் உயிர் போகும். நமக்குக் கரண்ட் கொடுக்க வந்தவருக்கு நாம் செய்யும் கைம்மாறா இது?

கவரைப்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை லைன் வீடுகளில் பீகார், ஒடிசா தொழிலாளர்கள் குடியிருக்கிறார்கள். பத்துக்குப் பத்து அறை, பொதுவில் ஒரு மோட்டார், வாசல் சுவரில் முழங்கால் உயரத்தில் வரிசையாக மீட்டர் பெட்டிகள். புயல் எச்சரிக்கை தமிழில் வருகிறது, அவர்களுக்குப் புரிவதில்லை. வாடகை வாங்கும் வீட்டுக்காரர்களே, மீட்டர் பெட்டிகளை மேலே ஏற்றுங்கள். குழாய் வைத்த பொதுத் தொட்டி ஒன்று கட்டிக்கொடுங்கள். அறுந்த கம்பி கிடந்தால் கிட்டே போகக் கூடாது என்று அவர்களுக்குப் புரிகிற மொழியில் சொல்லி, மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணைக் கதவில் எழுதி ஒட்டுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும்; அதற்குள் செய்து முடியுங்கள்.