சாலைக்கு முன் சாக்கடை

வீடு, கடை, அலுவலகம், உணவகம் எல்லாம் ஒரே வளாகத்தில் அமையும் புதிய நகர்ப்பகுதியில் முதலில் நம் கண்ணில் படுவது சாலை. ஆனால் பொறியாளர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, அதற்கு அடியில் போகும் பாதாளச் சாக்கடையின் மட்டத்தைத்தான். வண்டி மேடேறும், கழிவுநீர் ஏறாது. குழாய்க்குள் நீர் நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓடினால்தான் மண்ணும் மலமும் அடியில் தங்காது. 150 மில்லிமீட்டர் குழாயில் அந்த வேகம் கிடைக்க, 200 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் சரிவு வேண்டும். சமதரையில் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் குழாய் ஐந்து மீட்டர் இறங்கிவிடும். போதாக்குறைக்கு, வீடுகளில் காலையிலும் உணவகங்களில் இரவிலும் நீர் பெருகும். நள்ளிரவில் வெறும் கசிவுதான் ஓடும். லண்டனின் பழைய சாக்கடைகள் பலவற்றை, கூர்முனை கீழே இருக்கும் முட்டை வடிவில் கட்டியது இதற்காகத்தான். நீர் குறைந்தாலும் குறுகிய அடிப்பகுதியில் வேகம் அவ்வளவாகக் குறையாது.

சாலையையும் சாக்கடையையும் சேர்த்தே திட்டமிட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கும் லண்டனே சான்று. 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறியபின், பொறியாளர் ஜோசப் பசல்ஜெட் நகர் முழுவதற்கும் பாதாளச் சாக்கடை அமைத்தார். நெரிசல் மிகுந்த ஸ்டிராண்ட் சாலையைத் தோண்டாமல், ஆற்றோரத்தில் சுவர் எழுப்பி நிலம் மீட்டார். 1870இல் திறக்கப்பட்ட விக்டோரியா கரைச்சாலையின் கீழே சாக்கடை, சுரங்க ரயில். மேலே சாலை, பூங்கா.

சாக்கடைக்கு முதலிடம் கொடுத்தால் செலவு முன்கூட்டியே ஏறும் என்பார்கள். உண்மைதான். ஆனால் போட்ட தார்ச்சாலையை வெட்டிக் குழாய் பதித்தால் அந்தச் செலவோடு சாலைச் செலவும் மறுபடி சேரும். ஒட்டுப்போட்ட இடம் உள்வாங்கும். பம்பு வைத்து ஏற்றலாமே என்பது அடுத்த கேள்வி. தாழ்வான பகுதிக்கு வேறு வழியில்லை. லண்டனிலும் 1868 முதல் அபே மில்ஸ் நிலையம் அப்படித்தான் ஏற்றியது. ஆனால் பம்புக்கு என்றென்றும் மின்சாரமும் பராமரிப்பும் வேண்டும். சரிவு தானாக வேலை செய்யும். பசல்ஜெட்டின் அமைப்பே அடிக்கடி ஆற்றில் வழிந்ததே என்றும் கேட்கலாம். மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போனதன் விளைவு அது. அதைத் தடுக்கவே அங்கு பின்னர் 25 கிலோமீட்டர் சுரங்கம் வெட்டினார்கள். புதிய வளாகத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பாதை கொடுப்பதே சரி.

இப்படியொரு வளாகத்தில் வீடு வாங்கப் போகிறவர்கள் சாலையின் அகலத்தோடு, கழிவுநீர் எந்த வழியாக எங்கே போய்ச் சேர்கிறது என்பதையும் வரைபடத்தில் காட்டச் சொல்ல வேண்டும்.