மின்சாரக் காரும் காத்திருந்தோரும்

2016 மார்ச் 31 இல் ஐக்கிய அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனம் 'மொடல் 3' எனும் மின்சாரக் காரை அறிமுகஞ் செய்தது. 1,000 டொலர் முற்பணஞ் செலுத்தி இலட்சக்கணக்கானோர் பெயர் பதிந்தனர். 2017 ஜூலையில் முதற் கார்களைப் பெற்றோர் 30 பேரே!

தாமதத்திற்குக் காரணம் யாது? நெவாடாத் தொழிற்சாலையில் மின்கலத் தொகுதிகளைப் பொருத்தவேண்டிய தானியங்கி இயந்திரங்கள் ஒழுங்காய் இயங்கவில்லை. இயந்திரங்களை அளவுமிஞ்சி நம்பியது தவறென 2018 இல் நிறுவனத் தலைவர் எலோன் மஸ்க்கே ஒப்புக்கொண்டார். அவ்வாண்டு ஜூனில் பிரீமொன்டிலே கூடாரம் அடித்துப் புதிய பொருத்துவரிசை அமைக்கலாயினர். கார்கள் குவிந்தன, அப்பொழுதோ அவற்றை ஏற்றிச்செல்லும் பாரவண்டிகள் போதவில்லை.

காத்திருந்தோர் இழந்தது பொறுமையை மாத்திரமன்று. ஆண்டு முடியுமுன் காரைப் பெறாதவருக்கு, 7,500 டொலர் வரிச்சலுகை 3,750 ஆகச் சுருங்கிற்று.