யோகி கரடிக்கு எதற்கு டை?

முடிவில்லாமல் இழுக்கும் எந்த விவகாரத்தையும் சேலம், ராசிபுரம், நாமக்கல் பக்கத்து டீக்கடைகளில் 'கன்னித்தீவு மாதிரி' என்று சொல்லக் கேட்கலாம். தினத்தந்தியில் 1960-இல் தொடங்கிய அந்தப் படக்கதையில், குட்டி உருவமாகிவிட்ட லைலாவோடு சிந்துபாத் இன்னும் அலைகிறார். அது பேப்பருக்காகவே பிறந்த கதை. டிவியில் ஓடிய கார்ட்டூனைப் பேப்பருக்குக் கொண்டுவருவது வேறு வித்தை.

அமெரிக்காவின் ஹன்னா-பார்பெரா நிறுவனம் எடுத்த 'பிளின்ட்ஸ்டோன்ஸ்' 1960 செப்டம்பரில் டிவிக்கு வந்தது. மறு ஆண்டே அதுவும் அதே நிறுவனத்தின் இன்னொரு கார்ட்டூனான யோகி கரடியும் நாளிதழ்ப் படக்கதைகளாயின. ஓவியர் ஜீன் ஹேசல்டன் அவற்றில் முக்கியப் பங்காற்றினார்.

திரையில் நொடிக்கு 24 சட்டகங்கள். 25 நிமிடத்துக்கு 36,000. பேப்பரில் கிடைப்பதோ மூன்று நான்கு கட்டங்கள். பிளின்ட்ஸ்டோன்ஸின் நாயகனான கற்கால மனிதன் பிரெட், தரையில் காலை உதைத்து ஓடியே தன் காரை நகர்த்துவான். அந்த ஓட்டத்தைச் சுழல்கோடுகளும் புழுதியும் சொல்ல வேண்டும். அவன் குரல் போய்விடும். டிவியில் சேர்த்த சிரிப்பொலியும் போய்விடும். கூச்சலைத் தடித்த எழுத்துதான் தாங்க வேண்டும். எந்தக் கணத்தை வரைவது, எதை இரு கட்டங்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தில் வாசகரே ஓட்டிப் பார்க்க விடுவது என்று தீர்மானிப்பதே இந்தக் கலையின் உயிர் என்பேன்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது யோகியின் டை. டிவி கார்ட்டூனுக்குச் செலவைக் குறைக்க, உடம்பை அசையாமல் வைத்துத் தலையை மட்டும் திரும்பத் திரும்ப வரைந்தார்கள். தலையும் உடம்பும் சேரும் இடத்தைக் காலரும் டையும் மறைத்தன. பேப்பரில் அந்தத் தேவையே இல்லை. ஆனாலும் ஓவியர் அதைக் கழற்ற முடியாது. டை இல்லாவிட்டால் அது ஏதோ ஒரு கரடி!

சினிமா கார்ட்டூனிலிருந்து வந்த மிக்கி மவுஸுக்கு இதே வேலையை ஃபிளாய்ட் காட்ஃபிரெட்சன் செய்தார். 1930-இல் தற்காலிகமாக ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு அது. 1975 வரை அவரிடமே இருந்தது. திரையில் சில நிமிடமே குதித்த எலியை மாதக்கணக்கில் நீளும் சாகசங்களுக்கு அனுப்பினார். 1950-களின் நடுவில் தொடர்கதை நிறுத்தப்பட்டு, நாளுக்கொரு நகைச்சுவை என்றானது. நேற்றைய பேப்பரைப் பார்க்காதவருக்கும் அது புரியும்.