பழைய வண்டியோடு பழகுதல் – 9: கிளச் கீழே பிடிக்குது

இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர்களும் ஒன்றோடொன்று இசைந்து, என்ஜின் சீராக ஓடத் தொடங்கியதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். வண்டியைக் கொட்டகையிலிருந்து பின்னால் எடுக்க வேண்டியதுதான் பாக்கி. ரிவர்ஸ் போட்டேன். கரகரவென்று பல்லோடு பல் உரசும் சத்தம். கிளச்சை அடிவரை மிதித்து, மனசுக்குள் மூன்று எண்ணி, மறுபடி போட்டேன். அதே கரகரப்பு.

அந்த மூன்று எண்ணுவதுதான் முதல் சோதனை. ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 வண்டியில் ரிவர்ஸுக்கும் சின்க்ரோமெஷ் கிடையாது, ஃபர்ஸ்ட் கியருக்கும் கிடையாது. கிளச் முழுசாக விலகியிருந்தால் கியர்பாக்ஸின் உள்தண்டு அதற்குள் சுற்று அடங்கிவிடும். கியர் சத்தமில்லாமல் விழும். அடங்கவில்லை என்றால் கிளச் தட்டு இன்னும் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டு இழுபடுகிறது என்று பொருள். நம் ஊர்ப் பட்டறைகளில் "கிளச் கீழே பிடிக்குது" என்பது இதைத்தான். பெடல் தரையைத் தொடப்போகிற நேரத்தில்தான் வேலையே தொடங்கும்.

நான் இருப்பது கோவென்ட்ரியில். இந்த வண்டியும் இதே ஊரில், கேன்லி தொழிற்சாலையில் பிறந்ததுதான். ஆனால் சந்தேகம் என்று வந்ததும் நான் போன் போட்டது தாம்பரத்துக்கு. அதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்பிட்ஃபயரின் அடிச்சட்டம் ட்ரையம்ஃப் ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கிச் செய்தது. இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் இத்தாலியின் ஜியோவானி மிகெலாட்டி. கம்பெனியிடம் பணமில்லாமல் ஸ்பிட்ஃபயரின் முதல் மாதிரி வண்டி துணி போர்த்தி ஒரு மூலையில் கிடந்தது. 1961இல் ட்ரையம்ஃப் கம்பெனியை லேலண்ட் வாங்கிய பிறகுதான் அந்தத் துணி விலகியது. அடுத்த ஆண்டே வண்டி விற்பனைக்கு வந்தது. அதே 1961 வாக்கில் ஹெரால்ட், சென்னையை ஒட்டிய வண்டலூரில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் உருவாகத் தொடங்கியிருந்தது. அந்த ஹெரால்டுகளின் வயிற்றுக்குள் கைவிட்டே வயதானவர் தாம்பரத்து அண்ணன். நான் படித்த காலத்தில் அவர் பட்டறை வாசலில்தான் என் மாலைகள் கழிந்தன.

"அண்ணே, இதுல பெடல் ஹைட் வைக்கிற நட்டு எங்க இருக்கு?"

"நட்டே கிடையாது தம்பி. எல்லாம் ஆயில்ல ஓடுற கிளச். தட்டு தேயத் தேய அதுவே இடம் பாத்து உட்காந்துக்கும். நீ காலால மிதிச்சுப் பாத்தியா, கையால அசைச்சுப் பாத்தியா?"

காலால்தான் பார்த்திருந்தேன். காலுக்கு பாரம்தான் தெரியும், ஆட்டம் தெரியாது. கீழே உட்கார்ந்து பெடல் தட்டை இரண்டு விரலால் பிடித்து மெல்ல அசைத்தபோதுதான் புரிந்தது. எதையும் தள்ளாமல், எந்த எதிர்ப்பும் இல்லாமல், பெடல் வெறுமனே ஒரு சென்டிமீட்டர் இறங்கி ஏறியது. அதுவும் இடம் வலமாக ஒரு கொழகொழப்போடு.

ஸ்பிட்ஃபயரின் முன்பக்கம் முழுவதும், மட்கார்டுகளோடு சேர்த்து, ஒரே மூடியாக முன்னோக்கிக் கவிழும். டயர்மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இவ்வளவு வசதியை வேறு வண்டியில் நான் பார்த்ததில்லை. தடுப்புத் தகட்டின் மேல் பிரேக்குக்கும் கிளச்சுக்குமாக இரண்டு மாஸ்டர் சிலிண்டர்கள். கிளச் சிலிண்டர் உட்கார்ந்திருக்கும் தகட்டுப் பெட்டியின் ரப்பர் மூடியை உரித்தால், பெடலின் மேல்முனையும் புஷ் ராடின் கவட்டையும் ஒரு பின்னால் கோக்கப்பட்டிருப்பது தெரியும். ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி உருவி, வாஷரை எடுத்து, அந்தப் பின்னை வெளியே தள்ளினேன்.

உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். புதிதாக இருந்தபோது அது 8 மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை குறைவான நேர் உருளை. இப்போது நடுவில் ஒரு பக்கம் மட்டும் அரித்து, இடுப்பு ஒடுங்கிய உடுக்கை போல இருந்தது. வெர்னியரில் 7.1. பெடலில் இருந்த துளை வட்டமாக இல்லை, முட்டையாகியிருந்தது. நீளவாக்கில் ஒரு மில்லிமீட்டர் கூடுதல். இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 1.8 மில்லிமீட்டர். இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் பெடல் ஒரு நெம்புகோல். கால் படும் முனை இந்த முனையைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு தூரம் நகர்கிறது. அப்படியானால் காலடியில் 9 மில்லிமீட்டர் வீண். விரலில் உணர்ந்த ஒரு சென்டிமீட்டரின் கணக்கு அங்கேயே நேராகிவிட்டது.

இந்த இடத்தில் எல்லோருக்கும் ஒரு குறுக்குவழி கண்ணில் படும். எனக்கும் பட்டது: புஷ் ராடை வெட்டி, மரை போட்டு, நீட்டிக் குறைக்கும்படி செய்துவிட்டால் என்ன? அண்ணன் குரல் சட்டென்று கண்டிப்பானது. "ஆட்டத்த நீளத்தால மறைக்காத தம்பி." அவர் சொன்னதன் உட்பொருள் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கிறது. பிஸ்டன் முழுசாகப் பின்வாங்கும் கடைசி நூலிழையில்தான் ஒரு சின்ன வால்வு திறந்து, மேலே கிண்ணத்திலிருக்கும் ஆயிலுக்கும் குழாய்க்கும் வழி விடும். பெடல் மேலே எதிலாவது முட்டி நின்றுவிட்டு, கம்பியும் நீளமாக இருந்தால், பிஸ்டன் அந்தக் கடைசி இடத்துக்குத் திரும்பாது. வழி அடைபடும். என்ஜின் சூட்டில் விரியும் ஆயிலுக்குப் போக்கிடம் இருக்காது. யாரும் மிதிக்காமலே கிளச் அரைகுறையாக மிதிபட்டபடி இருக்கும். மேட்டில் வழுக்கும், ரிலீஸ் பேரிங் ஓயாமல் சுற்றித் தேயும். அதனால்தான் கம்பிக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஒரு துளி ஓய்வு எப்போதும் வேண்டும். அந்தத் துளியைத் திருடக்கூடாது.

முறையான வேலை பழைய வேலைதான். பெடலைக் கழற்றி, துளையை வெல்டிங்கால் நிரப்பி, மறுபடி சரியான அளவில் துளைத்தேன். கவட்டையையும் அப்படியே. பின் புதிது, ஸ்பிளிட் பின் புதிது. பெடல் ஆடும் அச்சின் புஷ்ஷும் போயிருந்தது; அந்த இடவலக் கொழகொழப்பு அதனால்தான். பிரேக் பெடலின் பின்னும் அதே வயதுதானே என்று உருவிப் பார்த்து, அதையும் மாற்றினேன்.

அடுத்த முனை கியர்பாக்ஸ் பக்கம். வண்டிக்குள் நடுவிலிருக்கும் சுரங்க மூடியை எடுத்தால் ஸ்லேவ் சிலிண்டர் கைக்கு வரும். அதைக் கழற்றி, பெல் ஹவுசிங் துளைக்குள் விரலை விட்டுத் தடவ வேண்டும். கம்பி குத்தி நிற்கும் குழி ரிலீஸ் லீவரில் இருக்கிறது. சில வண்டிகளில் அது ஓட்டையாகவே போயிருக்கும். என் வண்டியில் குழி ஆழமாகத்தான் இருந்தது, ஆனால் பொத்தலாகவில்லை. திருப்பிப் பூட்டும்போது காற்று வெளியேற்றும் நிப்பிள் மேல்பக்கம் இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். தலைகீழாகவும் அது அழகாக உட்கார்ந்துவிடும். பிறகு எத்தனை தடவை மிதித்தாலும் காற்று போகாது.

காற்று எடுத்து முடித்து மிதித்தேன். பெடல் பாதியிலேயே பிடித்தது. மூன்று எண்ணினேன். ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது.

அண்ணனுக்குச் சொன்னபோது அவர் சந்தோஷப்பட்டுவிட்டு, "கிராங்க் பாத்தியா?" என்றார். கிளச்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க் ஷாஃப்ட் முன்னோக்கித் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளலைத் தாங்குபவை கடைசி மெயின் பேரிங்கில் இருக்கும் பிறை வடிவ இரண்டு வாஷர்கள் மட்டுமே. அவை தேய்ந்து கீழே விழுந்துவிட்டால் கிராங்க் நேராக பிளாக்கையே அரைக்கும். இந்த என்ஜினில் இருக்க வேண்டிய முன்பின் ஆட்டம் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர்.

மனைவியை உட்காரவைத்துப் பெடலை மிதிக்கச் சொன்னேன். முன்பக்கப் புல்லியின் மேல் டயல் கேஜை வைத்தேன். அவள் மிதித்தாள், விட்டாள். ஊசி 0.35இல் நின்றது. அடுத்த வாரம் சம்ப்பைக் கழற்றுகிறோம்.