ராணி பாக் வாசலில் ஒரு பாடம்

ஊரிலிருந்து உறவினர் வந்தால் ராணி பாக் மிருகக்காட்சி சாலைக்கு அழைத்துச் செல்வது மும்பைத் தமிழ்க் குடும்பங்களின் வழக்கம். ஆனால் அதன் வாசலருகே நிற்கும் டாக்டர் பாவ் தாஜி லாட் அருங்காட்சியகத்துக்குள் நம்மில் எத்தனை பேர் நுழைந்திருப்போம்?

1872-ஆம் ஆண்டு மே 2-ஆம் தேதி திறக்கப்பட்ட கட்டடம் இது. அன்றைய பெயர் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம். ஜகன்னாத் சங்கர்சேட், டேவிட் சாசூன் போன்ற நகரப் பெரியோர் நன்கொடை தந்தனர். இதற்காக உழைத்த மருத்துவர் பாவ் தாஜியின் பெயரை 1975-இல் மாநகராட்சி சூட்டியது.

காலப்போக்கில் கட்டடம் பழுதடைந்தது. 2003-இல் மாநகராட்சி, இன்டாக் அமைப்பு, ஜம்னாலால் பஜாஜ் அறக்கட்டளை ஆகிய மூன்றும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. கட்டடம் மாநகராட்சியிடமே இருக்க, வல்லுநர்கள் சீரமைப்பை ஏற்றனர். கட்டடக் கலைஞர் விகாஸ் திலாவரி பணியை நடத்தினார்.

பழுது பார்ப்பது என்றால் சிமெண்ட் பூசிப் பெயிண்ட் அடிப்பது என்று நினைக்கிறோம். பழைய கட்டடத்துக்கு அது ஆகாது. சுண்ணாம்புக் காரைச் சுவர் உறிஞ்சிய ஈரத்தைத் தானே வெளிவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும். ஆகவே பழைய பொருளையே தேடிப் பயன்படுத்த வேண்டும். இங்கும் பிற்காலத்தில் ஏறிய பூச்சுகளை நீக்கி, பழைய வண்ணங்களையும் தங்க முலாம் வேலைப்பாடுகளையும் மீட்டார்கள். 2005-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. 2008 ஜனவரியில் கதவு மீண்டும் திறந்தது.

அத்துடன் வேலை முடிந்துவிடவில்லை. இக்கால ஓவியர், சிற்பிகளின் கண்காட்சிகளும் குழந்தைகளுக்கான பயிற்சிகளும் அங்கே தொடங்கின. பல தொழில் செய்வோரைக் காட்டும் பழைய களிமண் பொம்மைகளுக்குப் பக்கத்திலேயே இன்றைய படைப்புகளும் இடம்பெற்றன. ஆள் புழங்காத வீடு சீக்கிரம் பாழாகும் என்று நம் பெரியவர்கள் சொல்வது பொதுக் கட்டடத்துக்கும் பொருந்தும். அழகுபடுத்திப் பூட்டி வைத்தால் சில ஆண்டுகளில் மீண்டும் பழைய கதைதான்.

ஊரில் பூர்வீக வீட்டையோ குலதெய்வக் கோயிலையோ பழுது பார்க்க நம்மில் பலர் இங்கிருந்து பணம் அனுப்புகிறோம். அனுப்புமுன் இரண்டு கேள்விகள் கேட்போம்: சுவர் சுண்ணாம்பா, சிமெண்டா? வேலை முடிந்தபின் அங்கே தினமும் விளக்கேற்றப் போவது யார்?

தாராவி அன்பர்கள் சயானிலும், மாதுங்கா அன்பர்கள் மாதுங்காவிலும் லோக்கல் ஏறினால் நேரே பைகுல்லா. செம்பூரிலிருந்து வருவோர் குர்லாவில் மாற வேண்டும். அடுத்த முறை விலங்குகளைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல், குழந்தைகளோடு இங்கேயும் ஒரு மணி நேரம் செலவிடுங்கள்.