டிரெய்லரை மாட்டினாலே ஃபியூஸ் போகுதா? கோளாறு எங்கே இருக்குன்னு இப்படிக் கண்டுபிடிங்க!

கரும்பு வெட்டு சீசனில் ராத்திரி நேரம் பைக் ஓட்டியவர்களுக்கு இந்தப் பயம் தெரியும். முன்னால் போவது லோடு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் என்பதே பக்கத்தில் போன பிறகுதான் தெரியும். பின்னால் ஒரு விளக்கும் எரியாது. கேட்டால், "ஃபியூஸ் மாத்தி மாத்திப் பார்த்தாச்சுங்க, நிக்க மாட்டேங்குது" என்பார் டிரைவர்.

புது ஃபியூஸும் உடனே போகிறது என்றால் எங்கோ ஒரு ஒயர் இரும்பில் பட்டு ஷார்ட் ஆகிறது. 12 வோல்ட்டில் 21 வாட் பிரேக் பல்பு இழுப்பது 1.75 ஆம்பியர்தான். 5 வாட் டெயில் லைட் அரை ஆம்பியர்கூட இழுக்காது. இதற்குச் சிவப்பு நிற 10 ஆம்பியர் ஃபியூஸே தாராளம். அதை எடுத்துவிட்டு 30 ஆம்பியர் பச்சை ஃபியூஸ் போடுவது, சிகரெட் அட்டை ஜிகினாவைச் சுற்றுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். ஃபியூஸ் உருகாவிட்டால் ஒயர் உருகும். மேலே வைக்கோல் பாரம் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதலில் டிரெய்லர் பிளக்கைக் கழற்றிவிட்டு, சரியான அளவு ஃபியூஸ் போட்டு எல்லா விளக்கையும் போடுங்கள். அப்போதும் போனால் கோளாறு டிராக்டர் பக்கம். போகவில்லையா? பிளக்கை மாட்டி டெயில் லைட், இண்டிகேட்டர், பிரேக் என ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போடும்போது ஃபியூஸ் போகிறதோ, அந்த ஒயரை மட்டும் பார்த்தால் போதும்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். நல்ல பல்பு இருந்தாலே மீட்டர் 'பீப்' அடிக்கும். ஆறின ஃபிலமென்ட்டின் மின்தடை அவ்வளவு குறைவு. அதனால் டிரெய்லர் பல்புகளைக் கழற்றிவிட்டுத்தான் சோதிக்க வேண்டும்.

மீட்டர் இல்லையா? ஆட்டோ எலெக்ட்ரீஷியன்களின் பழைய வித்தை ஒன்று உண்டு. டிரெய்லர் பல்புகளைக் கழற்றி, ஃபியூஸ் இருக்கும் இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றை ஒயரோடு இணைத்து, அந்த லைட் சுவிட்சைப் போடுங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென எரியும். ஒயரை அசைத்துக்கொண்டே வாருங்கள். எங்கே தொடும்போது பல்பு மங்குகிறதோ அங்கேதான் சிக்கல். ஃபியூஸ் செலவும் மிச்சம்!

பெரும்பாலும் டிரெய்லரை மாட்டும் கொக்கி பக்கம், டிப்பராக இருந்தால் கீல் பக்கம், சேஸிஸ் ஓட்டை வழியாக ஒயர் நுழையும் இடம், துருப்பிடித்த பல்பு ஹோல்டர், தண்ணீர் புகுந்து பச்சை பூத்த சாக்கெட் ஆகியவற்றில்தான் மாட்டும். வெறும் டேப் சுற்றினால் அடுத்த மழைவரைதான் தாங்கும். அந்தத் துண்டை மாற்றி, ரப்பர் குழாய்க்குள் விட்டு, வண்டி திரும்பும்போது இழுபடாத அளவு தளர்வு கொடுங்கள்.

இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து கண் சிமிட்டுகிறதா? அது ஷார்ட் இல்லை, எர்த் கோளாறு. 7 பின் சாக்கெட்டில் வழக்கமாக 3-ஆம் பின்தான் எர்த். அந்த ஒயர் டிரெய்லர் சேஸிஸில் போல்ட் ஆகும் இடத்தில் துருவைச் சுரண்டிவிட்டு இறுக்கிப் பாருங்கள்.